தாழ்ப்பாள் வக்கீல்

என் வீட்டுக்காரருக்கு நீதிமன்ற வளாகத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. தாழ்ப்பாள். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள்; நேரே வந்தால் "வாங்க சார், உட்காருங்க சார்" என்று ஒரே உபசாரம்தான். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை நீதிமன்றத்துக்கு எதிரே இருப்பதால் அது என் காதிலும் விழுந்தது. வக்கீல்கள் எங்களுக்கு நல்ல வாடிக்கை. வயிற்றுப்புண் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை என்று அவர்கள் பிழைப்பு முழுவதும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. ஒருநாள் வரிசையில் நின்ற ஒரு வக்கீல், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பது யார் என்று தெரியாமல், பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்:

"அந்த அம்மா கோர்ட்டுக்கா கேஸ் போயிருக்கு? அதுக்கு ஏன் இடிஞ்சு போய் நிக்கறே? தாழ்ப்பாளைப் போட்டுடு. வேற கோர்ட்டுக்குப் போயிடும்."

அந்த அம்மா என்றால் இவருடைய அக்கா. தாழ்ப்பாள் என்றால் இவர். நான் அந்த வக்கீலுக்கு மாத்திரையைக் கொடுத்து, சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரை அது என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் திருத்தவில்லை.

இவர் வீட்டில் வக்கீல் அல்லாதவள் நான் ஒருத்திதான். மாமனார் வக்கீல், மாமனாரின் அப்பா வக்கீல், அக்கா அப்போது வக்கீல். கல்யாணமாகி வந்த புதிதில், மழை வருகிறதே, ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். அதற்கே இரண்டு தரப்பு வாதம் நடந்து, முடிவதற்குள் மெத்தை நனைந்துவிட்டது. சாப்பாட்டில் உப்பு குறைவு என்று மாமனார் சொன்னால் அக்கா ஆதாரம் கேட்பார். இவர் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். உப்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

வீட்டின் முன்னறைதான் அவர்கள் ஆபீஸ். நடுவில் மாமனாரின் மேஜை, ஜன்னலோரம் அக்காவின் மேஜை, கதவுக்குப் பின்னால் இவர் மேஜை. கதவை முழுக்கத் திறந்தால் இவர் மறைந்துபோவார். வருகிற கட்சிக்காரர்கள் மாமனாருக்கு ஒரு வணக்கம், அக்காவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு உட்காருவார்கள். போகும்போது கதவைச் சாத்தத் திரும்பினால்தான் அங்கே இன்னொரு ஆள் இருப்பது தெரியும். பதறிப்போய் அவருக்கும் ஒரு வணக்கம் வைப்பார்கள்.

"நீங்க ஏன் வக்கீலுக்குப் படிச்சீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஸ்கூல் முடிச்சதும் எந்தக் காலேஜ்னு அப்பா கேட்டார்."

"எந்தப் படிப்புன்னு கேட்கலையா?"

"இல்லையே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியலை. யோசிச்சதில்லை" என்றார். வருத்தமாகச் சொன்னால் நானும் வருத்தப்பட்டிருப்பேன். பஸ் எப்போது வரும் என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார்.

ஆனால் இவரை உதவாக்கரை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இவருக்குப் படிக்கத் தெரியும். ஒரு வழக்குக் கட்டு கைக்கு வந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஓரத்தில் குத்தியிருக்கும் ரப்பர் ஸ்டாம்பு உட்பட, ஒன்று விடாமல் படிப்பார். மற்றவர்கள் மேய்ந்துவிட்டுப் போகிற இடத்தில் இவர் உழுதுகொண்டிருப்பார். மாமனார் பேசி ஜெயித்த பல வழக்குகளில், அந்த ஜெயிக்கிற விஷயத்தைத் தோண்டி எடுத்துக் கொடுத்தது இவர்தான். அக்கா நின்று பேசும்போது பின்னால் உட்கார்ந்து, கேட்பதற்கு முன்பே பக்கத்தைப் பிரித்து நீட்டுவார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவாராம். அப்படி ஒரு பழக்கம் இரண்டு பேருக்கும்.

எழுந்து நின்று பேசுவதுதான் இவருக்கு வராது. பயம் என்று சொல்ல முடியாது. நீதிபதி ஒரு கேள்வி கேட்டால் உடனே ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கிற சாமர்த்தியம் கிடையாது. சரியான பதில் எது என்று யோசிப்பார். அதற்குள் நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிடுவார். சரியான பதிலை மறுநாள் காலை பல் தேய்க்கும்போது என்னிடம் சொல்வார். எனக்கு நியாயமாகத்தான் படும். என்ன பிரயோசனம்?

மாமனார் போன பிறகு, அக்காவும் இவரும் சேர்ந்து ஆபீசை ஓட்டினார்கள். அப்புறம் அக்காவை நீதிபதியாகப் போட்டார்கள். பதவி ஏற்பதற்கு முந்தின நாள் தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போக வந்தவர், வாசலில் நின்று இவரிடம் சொன்னார்:

"இங்க பாருடா. இனிமே என் கோர்ட் வாசலை நீ மிதிக்கக் கூடாது. நீ ஆஜராகற கேஸ் என்கிட்ட வந்தா நான் எழுந்து போயிடுவேன். வீட்டுக்கும் அடிக்கடி வர மாட்டேன். தப்பா எடுத்துக்காதே."

"சரிக்கா" என்றார் இவர். புத்தகக் கட்டை வண்டி வரை தூக்கிப் போய் வைத்தார்.

இதுதான் முறை. எந்த நீதிபதியும் தன் சொந்தக்காரர் வக்கீலாக இருக்கிற வழக்கைக் கேட்கக் கூடாது. வக்காலத்து என்று ஒரு தாள் உண்டு. இன்னாருக்காக நான் ஆஜராகிறேன் என்று வக்கீல் கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்தில் கொடுப்பது. அந்தத் தாளில் இவர் பெயரைப் பார்த்தால் அக்கா அந்த வழக்கிலிருந்து விலகிவிடுவார். வழக்கு வேறு நீதிபதியிடம் போய், முதலிலிருந்து தொடங்கும்.

அக்கா நீதிபதி ஆன பிறகு அவர் பெயரைக் கேட்டாலே சில பேர் பதுங்கினார்கள். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. போதாததற்கு, கட்டுகளைத் தானே படிப்பார். மடியில் கனம் உள்ளவர்கள் வேறு நீதிபதி கிடைக்க மாட்டாரா என்று தவித்தார்கள். அப்போதுதான் இவருக்குத் திடீரென்று யோகம் அடித்தது.

பெரிய பெரிய வக்கீல்கள் போன் பண்ணினார்கள். "சார், இந்தக் கேஸ்ல நீங்களும் எங்களோட நிக்கணும்" என்றார்கள். அப்பாவின் மேஜைக்கு மாறி உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். மாறவில்லை, ஆனால் புதுக் கோட்டு தைத்துக்கொண்டார். ஒவ்வொரு கட்டையும் அக்கறையாகப் படித்து, சுத்தமாகக் குறிப்பு எழுதி, பெரிய வக்கீலின் ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினார். அடுத்த வாய்தாவில் வழக்கு அக்காவிடமிருந்து வேறு நீதிபதிக்குப் போகும். உடனே பெரிய வக்கீலின் ஆபீசிலிருந்து போன் வரும்: "இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம் சார். நாங்க பார்த்துக்கறோம்." குறிப்புகள் போட்ட மடிப்பு கலையாமல் திரும்பி வரும்.

நான் மருந்துக்கடையில் அந்தப் பேச்சைக் கேட்டது இந்தச் சமயத்தில்தான். இவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்த வேலையை வேறொருவர் செய்துவிட்டார். கட்டிடங்கள் வைத்திருக்கும் ஒரு மனிதர் வீட்டுக்கு வந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது இவர் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்:

"எதுக்கு சார் இவ்வளவு கஷ்டப்படறீங்க? நீங்க ஒண்ணும் படிக்க வேண்டாம். உங்க கையெழுத்து ஒண்ணு போதும். உங்க அக்காகிட்ட மாட்டாம இருந்தாச் சரி."

இவர் தலையாட்டினார். கட்டை மூடினார். பேனா மூடியைத் திறந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். "மழை வர்ற மாதிரி இருக்கு, குடை கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டு வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த ஆள் உங்களை எவ்வளவு கேவலமாப் பேசிட்டுப் போறான்! உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வரணும்னு தெரியுது. வரலை" என்றார்.

"இனிமே எவனுக்கும் கையெழுத்துப் போடாதீங்க."

"போடாம என்ன பண்ணட்டும்?"

அப்படியே வருஷங்கள் போயின. கையெழுத்துப் போடுவார், சாப்பிடுவார், தூங்குவார். வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒவ்வொரு கட்டையும் கடைசிப் பக்கம் வரை படிப்பதை மட்டும் விடவில்லை. யாருக்காக இந்தப் படிப்பு என்று கேட்டால், "கையெழுத்துப் போட்டிருக்கேனே" என்பார். கரடியாகக் கத்தி ஓய்ந்து, நானும் கேட்பதை விட்டுவிட்டேன். மரத்துப்போவது ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது. ஒரு கட்டத்தில் அந்தப் பட்டப்பெயர் காதில் விழுந்தாலும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. யாரையோ சொல்கிறார்கள் என்று மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தக் கிடங்கு வழக்கு வந்தது.

ஒரு பெரிய சரக்குக் கிடங்கு. மூட்டை ஏற்றும் லிஃப்டின் கம்பி அறுந்து விழுந்து ஒருவர் செத்துப்போனார். லிஃப்ட் பழுது என்று வேலையாட்கள் பல தடவை சொல்லியும் கிடங்குக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செத்த பிறகு, அவர் எங்கள் ஆளே இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள் என்று கையை விரித்துவிட்டார்கள். அவர் மனைவி நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு, கிணற்றில் போட்ட கல்லாகப் பல வருஷம் கிடந்து, கடைசியில் அக்காவிடம் வந்து சேர்ந்தது. அக்கா இரண்டு தரப்பையும் முழுக்கக் கேட்டுவிட்டார். தீர்ப்புச் சொல்ல ஒரே ஒரு வாய்தாதான் பாக்கி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கிடங்குக்காரர்களின் வக்கீலுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல நரைத்த தலை, இனிக்க இனிக்கப் பேசுவார். இவரிடம் வக்காலத்தை நீட்டினார். இவர் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல அதற்கப்புறம்தான் கட்டைப் பிரித்தார்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடாமல் பேச ஆரம்பித்தார். அந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. லிஃப்ட் எப்போது வாங்கியது, எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருந்தது, யார் என்ன சாட்சி சொன்னார்கள், எந்த சாட்சி எங்கே உளறினார் என்று கட்டைப் பார்க்காமலே முழு வழக்கையும் சொன்னார். செத்தவர் அன்றைக்கு எந்தக் கையில் கையுறை போட்டிருந்தார் என்பது வரை சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதுல ஒரு பாயின்ட் இருக்கு. யாருமே பார்க்கலை. அந்த நரைத்தலையும் பார்க்கலை, அக்காவும் பார்க்கலை."

"என்ன பாயின்ட்?"

"இந்தக் கேஸைப் போட்ட இடமே தப்பு. வேலையில செத்தவருக்கு நஷ்டஈடு கேட்க வேற ஒரு மன்றம் இருக்கு, அங்கதான் முதல்ல போயிருக்கணும். இதை எடுத்து வச்சா, இத்தனை வருஷம் நடந்தது எதுவும் செல்லாது."

அவர் முகம் பிரகாசமாக இருந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. எனக்கே ஒரு நிமிஷம் சந்தோஷம் பொங்கிவிட்டது. அப்புறம்தான் கேட்டேன்:

"அப்போ அந்த அம்மா?"

"எந்த அம்மா?"

"புருஷனைப் பறிகொடுத்தவங்க. அவங்க கதி?"

தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டிருந்தார். "பாயின்டே வேண்டாம். நாளைக்கு என் பேரைப் பார்த்து அக்கா எழுந்து போனாலே அவங்களுக்கு மறுபடி முதல்லேர்ந்துதான்" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. இத்தனை வருஷம் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினேன். இப்படி எத்தனை பேர் வயிற்றில் அடித்திருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். எல்லாத்தையும் படிச்சிருக்கேனே" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து போய்க் கை கழுவினார். திரும்பி வந்து, "நாளைக்கு விலகிடறேன்" என்றார்.

இவர் வாயால் விலகுகிறேன் என்று சொல்வதை என் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று நினைத்தேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டு மறுநாள் கூடவே போனேன். எதிரிலேயே வேலை பார்த்தும் அந்தக் கட்டிடத்துக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. நீளமான தாழ்வாரம், சுவரோரம் பெஞ்சுகள், கறுப்புக் கோட்டுகள், ஜெராக்ஸ் தாள்களின் வாசனை. நரைத்தலை வக்கீல் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். இவர் நேராக அவரிடம் போய், வக்காலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தபடி இவர் தோளில் தட்டினார்.

"தாராளமா விலகுங்க சார். ஆனா தாளைக் கொடுத்தாச்சு. இன்னிக்கு உங்க பேரைப் படிச்ச உடனே அந்த அம்மா எழுந்து போயிடுவாங்க. அதுக்கப்புறம் நீங்க இருந்தா என்ன, விலகினா என்ன?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் தண்ணீர் பாட்டில். "உங்களுக்கும் இன்னிக்குக் கேஸா?" என்று கேட்டார்.

"இல்லை, சும்மா ஒருத்தரோட வந்தேன்."

"எனக்கு இன்னிக்கு முடிஞ்சிடும்னு வக்கீல் சொல்லியிருக்கார். இந்த ஜட்ஜம்மா ரொம்ப நல்லவங்க. நான் சொன்னதை முழுசாக் கேட்டாங்க. இதுக்கு முன்னாடி யாரும் அப்படிக் கேட்டதில்லை." பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். "தண்ணி குடிக்கறீங்களா? முகமெல்லாம் வாடியிருக்கே."

வாங்கிக் குடித்தேன். என்னைப் போல் ஒரு பாவி அன்றைக்கு அந்தத் தாழ்வாரத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

உள்ளே கூப்பிட்டதும் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் அக்கா. தலைமுடி நன்றாக வெளுத்திருந்தது. வீட்டுக்கு வந்தே எவ்வளவோ காலமாகிவிட்டது. வழக்கைப் படித்தார்கள். இவர் பெயரையும் படித்தார்கள். பின்னால் இருந்த இளம் வக்கீல்கள் கிசுகிசுத்துச் சிரிப்பது எனக்குக் கேட்டது. நரைத்தலை வக்கீல் தன் தாள்களை அடுக்கிக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. தாளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"வழக்கு முடியப்போகிற நேரத்தில் புதிதாக ஒரு வக்கீல் வந்திருக்கிறார். அவர் உண்மையிலேயே இந்த வழக்கில் ஆஜராகிறார் என்றால், முறைப்படி நான் விலக வேண்டும். பெயருக்கு மட்டும்தான் என்றால் விலக வேண்டியதில்லை. அதனால் நானே கேட்கிறேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "சொல்லுங்க. இந்தக் கேஸ் எதைப் பத்தினது? உங்க தரப்பு வாதம் என்ன?"

அக்கா இவரை நீங்க என்று கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன்.

இவர் எழுந்து நின்றார். நரைத்தலை வக்கீல் பதறிப்போய் ஒரு தாளை இவர் பக்கம் தள்ளினார். இவர் அதைப் பார்க்கவில்லை. இவருக்கு அது தேவையே இல்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பல்சக்கரத்திலிருந்து கையுறை வரை எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. யாரும் பார்க்காத அந்த பாயின்ட் இருந்தது. வாயைத் திறந்தால் போதும், சிரித்தவர்கள் அத்தனை பேரும் வாயடைத்துப் போவார்கள். ஆனால் வாயைத் திறந்தால் அக்கா எழுந்து போய்விடுவார். வெளியில் எனக்குத் தண்ணீர் கொடுத்த பெண் முன்வரிசையில் பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க" என்றார் அக்கா மறுபடியும்.

"தெரியலை" என்றார் இவர்.

"செத்துப்போனவர் எப்படிச் செத்தார்னாவது தெரியுமா?"

"தெரியலை."

"ஒரு பக்கமாவது படிச்சீங்களா?"

"இல்லை."

சிரிப்பு இப்போது வெளிப்படையாகவே கேட்டது. அக்கா மேஜையைத் தட்டி அடக்கினார். இவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டச்சரிடம் திரும்பி, தேதி சொல்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனார். வழக்கைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாத ஒருவர் உறவின் பெயரைப் பயன்படுத்தி நீதிமன்றத்தின் பாதையை மறிக்கப் பார்க்கிறார். இது இந்தத் தொழிலுக்கே அவமானம். இவர் பெயர் இந்த வழக்கிலிருந்து நீக்கப்படுகிறது. இவர் உட்காரலாம்.

இவர் உட்கார்ந்தார். அக்கா தொடர்ந்து, அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பைச் சொன்னார். அந்தப் பெண் புரியாமல் சுற்றிலும் பார்த்தார். அவருடைய வக்கீல் குனிந்து காதில் சொன்னதும், பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இவரிடம், "அக்காகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்."

"கேஸ்தான் முடிஞ்சுபோச்சே. இனிமே சொன்னா என்ன?"

"அவளை உனக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்ததுன்னு அவளுக்குத் தெரிஞ்சா, அந்தத் தீர்ப்பை வச்சுக்க மாட்டா. என் தம்பி சொன்ன பொய்யை நம்பித்தான் அங்க உட்கார்ந்திருந்தேன்னு தானே போய் எழுதிக் கொடுத்துடுவா. எல்லாம் மறுபடி முதல்லேர்ந்து." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "வக்கீல் செய்யக் கூடாதது ரெண்டையும் இன்னிக்கு ஒரே மூச்சுல செஞ்சாச்சு. கோர்ட்டுல பொய் சொல்லிட்டேன். கட்சிக்காரரைக் கைவிட்டுட்டேன். அவ கேட்டா விட மாட்டா. எப்பவும் சொல்லாதே."

"எப்பவுமா?"

"எப்பவும்."

சாயங்காலம் அக்கா வந்தார். போன்கூடப் பண்ணவில்லை. முன்னறையில் அப்பாவின் நாற்காலியில் உட்காராமல், கதவுக்குப் பின்னால் இருந்த இவர் மேஜைக்கு எதிரே கட்சிக்காரர்கள் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் டீ கொண்டுபோனேன். யாரும் தொடவில்லை.

"ஊர் முழுக்க உன்னை என்னன்னு கூப்பிடறாங்க தெரியுமாடா?"

"தெரியும்க்கா."

"எனக்கும் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும். ஆனா நான் நம்பலை." அக்காவின் குரல் உடைந்துவிட்டது. அவர் குரல் உடையும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. "ஒவ்வொரு தடவை உன் பேர் வரும்போதும் நான் எழுந்து போனேனே, எதுக்குப் போனேன்? நீ நிஜமாவே அந்தக் கேஸைப் படிச்சிட்டு நிக்கறேன்னு நம்பித்தான் போனேன். என் தம்பி படிக்காத பக்கம் கிடையாதுன்னு எனக்குத் தெரியும்னு நினைச்சேன். இன்னிக்கு அவனுங்க எல்லார் முன்னாடியும் நீ பதில் சொல்லி அவனுங்க வாயை அடைக்கணும்னுதான்டா அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒரு வரி போதும். ஒரே ஒரு வரி சொல்லியிருந்தா நான் எழுந்து போயிருப்பேன். அந்தம்மா பாவம்னு தெரிஞ்சும் போயிருப்பேன். நிஜமாவே உனக்கு ஒண்ணுமே தெரியாதாடா?"

"தெரியாதுக்கா" என்றார் இவர்.

"அந்த ஆள் எப்படிச் செத்தான்னுகூடவா?"

"தெரியாது."

அக்கா எழுந்தார். இவரும் எழுந்தார். வேண்டாம், வராதே என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிறவள் என்று என்னை அவருக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டார்.

"நீயாவது சொல்லு. அவன் வீட்டுல உட்கார்ந்து கேஸ் எதையும் படிக்கறதே இல்லையா? உன்கிட்ட எதைப் பத்தியும் பேசறதில்லையா?"

"இல்லைக்கா. பேசறதே இல்லை" என்றேன்.

அவர் என் கையை விட்டுவிட்டு, படியிறங்கி வண்டியில் ஏறினார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.